17-ஆம் நாளில் பிடிபட்ட கவாசாகி: இனி ஐவிஐஜி கொடுத்துப் பயன் உண்டா?

குழந்தைநலம்_முதுநிலை எழுதியது:

வணக்கம். கவாசாகி (ரத்தக் குழாய்ச் சுவரில் அழற்சி வரும் நோய்) என்று இப்போதுதான் பிடிபட்ட குழந்தை. வயது 2 வருடம் 4 மாதம், எடை 11 கிலோ. காய்ச்சல் ஆரம்பித்த நாளை முதல் நாளாக எண்ணினால் இன்று 17-ஆம் நாள்.

3-ஆம் நாள், தொண்டை சிவந்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் சிரப். 5-ஆம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு. சிரப் ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு சிரப். 8-ஆம் நாள் சிறுநீரில் சீழணுக்கள். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, ஆனாலும் சிறுநீர்த் தொற்று என்று ஏழு நாள் ஊசி போயிருக்கிறது. இரண்டு கண்ணும் பீளை இல்லாமல் சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது என்று அம்மா சொல்கிறார். அது 4-லிருந்து 7-ஆம் நாள் வரை மட்டும். எந்தச் சீட்டிலும் பதிவு இல்லை. இப்போது நகக்கண்களில் தோல் உரிகிறது. சாயங்காலம் ஆனால் 100.8, 101 என்று காய்ச்சல் இன்னும் வருகிறது.

அழற்சியைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 62 மி.கி., ஈஎஸ்ஆர் 88, பிளேட்லெட் 7.8 லட்சம், ஹீமோகுளோபின் 8.9, ஆல்புமின் 2.8. எக்கோவில் (இதய ஸ்கேன்) இடது முன் இறங்கு கொரோனரி (இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்) இசட் 4.1, வலது 2.8; இசட் என்பது இந்த உடலளவுக்கு இயல்பான அகலத்திலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண். இதயம் சுருங்கும் திறன் சரியாக இருக்கிறது.

10 நாள் தாண்டிவிட்டால் ஐவிஐஜி (நரம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி மருந்து) வீண் என்று ஒரு தரப்பு, கட்டாயம் கொடு என்று இன்னொரு தரப்பு. ஆஸ்பிரின் எந்த அளவில்? ஸ்டீராய்டு சேர்க்கலாமா? எக்கோ மறுபடி எப்போது?

---

சிறார்_இதயம் எழுதியது:

கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள்.

10 நாள் என்பது மூடிவிடும் கதவு இல்லை. 10 நாளுக்குள் 2 கிராம்/கிலோ ஐவிஐஜி போனால் கொரோனரி வீக்கம் (குழாய் பலூன் போல் விரிவது) வரும் வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. அந்தப் பலனைக் காட்டிய ஆய்வுகள் அந்த நாட்களுக்குள் வந்த குழந்தைகளை வைத்து நடந்தவை. "10" வந்தது அங்கிருந்துதான். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் தாமதமாக வந்தவர்களைத் தனியாகவே பேசுகிறது: வேறு காரணம் இல்லாத காய்ச்சல் நீடித்தால் கொடுக்கலாம், அல்லது கொரோனரி மாற்றமும் கூடவே சிஆர்பி 30-க்கு மேலோ ஈஎஸ்ஆர் உயர்வோ இருந்தால் கொடுக்கலாம். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். உங்கள் குழந்தைக்கு இரண்டுமே இருக்கிறது. காலண்டரைப் பார்க்காதீர்கள், குழாய்ச் சுவரில் அழற்சி இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏற்கெனவே விரிந்துவிட்ட குழாய் ஐவிஐஜியால் அன்றே சுருங்காது, இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேற்கொண்டு விரியாமல் தடுப்பதற்குத்தான் இந்த மருந்து.

ஆஸ்பிரின்: காய்ச்சல் இருக்கும்வரை மிதமான அளவு, நாளைக்கு 30–50 மி.கி./கிலோ, நான்காகப் பிரித்து. 11 கிலோவுக்கு 6 மணிக்கு ஒருமுறை 100 மி.கி. என்று வைத்தால் 36 மி.கி./கிலோ வரும். 80–100 வரை போகிறவர்களும் உண்டு, ஆனால் அந்தப் பெரிய அளவு கொரோனரி வீக்கத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. வயிற்றுக்கும் கல்லீரலுக்கும்தான் கெடுதல். காய்ச்சல் விட்டு 48–72 மணி நேரம் ஆனதும் 3–5 மி.கி./கிலோ, தினம் ஒரே வேளை. 75 மி.கி. மாத்திரையில் பாதி, அதாவது 37.5 மி.கி. இந்தக் குழந்தைக்குச் சரி. குடலில் கரையும்படி மேற்பூச்சு போட்ட மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது, தண்ணீரில் கரையும் மாத்திரையாக எழுதுங்கள்.

இபுப்ரோஃபென் அறவே வேண்டாம். பிளேட்லெட்டில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அது முதலில் பிடித்துக்கொள்ளும். பல வீடுகளில் காய்ச்சல் சிரப் என்றாலே இபுப்ரோஃபென் கலந்ததுதான் இருக்கும், அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள்.

எக்கோ: இசட் 2.5-க்கு மேல் இருந்து இன்னும் மாறிக்கொண்டிருந்தால் வாரம் இரண்டு முறை, விரிவது நிற்கும்வரை. நீளம், எடை இரண்டையும் அன்றன்றைக்கு அளந்து கொடுங்கள். இசட் கணக்கு உடல் பரப்பளவை வைத்து வருவது. உயரத்தைக் கண்ணளவாகப் போட்டால் இசட்டும் கண்ணளவுதான். ஒவ்வொரு முறையும் அதே சூத்திரம், அதே இடம், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு. இந்த வயதில் தூங்க வைக்காமல் எடுத்த எக்கோவை நான் முழுசாக நம்ப மாட்டேன், அழுது புரளும் குழந்தையிடம் குழாயின் தொடக்கம் மட்டும் கிடைக்கும், கிளை பிரியும் இடம் தப்பிவிடும்.

இப்போதைக்கு இது சிறு வீக்கம். இசட் 2.5-லிருந்து 5-க்குள் சிறியது, 5-லிருந்து 10-க்குள் நடுத்தரம், 10-ஐத் தொட்டாலோ குழாய் 8 மில்லிமீட்டர் ஆனாலோ ராட்சத வீக்கம். சிறியதற்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் போதும். நடுத்தரத்துக்கு குளோபிடோக்ரெல் (பிளேட்லெட் ஒட்டாமல் தடுக்கும் இன்னொரு மருந்து) சேர்ப்பதை யோசிக்கலாம். ராட்சத வீக்கம் என்றால் ஆஸ்பிரினோடு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தும் கட்டாயம்: வார்ஃபரின் என்றால் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) 2–3, அல்லது ஈனாக்ஸபாரின் ஊசி 12 மணிக்கு ஒருமுறை. வேகமாக விரிந்துகொண்டிருக்கும் நாட்களில் நான் ஈனாக்ஸபாரின் பக்கம். சின்னக் குழந்தைக்கு, அதுவும் சாப்பாடு தினம் மாறும் நேரத்தில், வார்ஃபரின் அளவு நிலைப்படவே நாளாகும்.

---

வார்டு_செவிலியர் எழுதியது:

டாக்டர், அளவைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். ஏற்றும்போது எங்கே பிசகும் என்பதை எழுதுகிறேன்.

11 கிலோவுக்கு 22 கிராம். 5 சதவீதக் கரைசல் என்றால் 440 மி.லி., 10 சதவீதம் என்றால் 220 மி.லி. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். வேகக் கணக்கை மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குப்பி மேல் சதவீதத்தை இரண்டு பேர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பேட்ச் எண் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட வேண்டும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரும்வரை வைக்கவும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிட்டால் பம்ப் காற்று என்று கத்திக்கொண்டே இருக்கும். தனி லைன், அதே லைனில் வேறு எதுவும் போகக் கூடாது. சில கம்பெனி மருந்துக்கு உப்புக் கரைசல் ஆகாது, டெக்ஸ்ட்ரோஸ்தான். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டு லைனைக் கழுவுங்கள்.

5 சதவீதத்துக்கு வேகம்: முதல் அரை மணி மணிக்கு 5.5 மி.லி. (0.5 மி.லி./கிலோ), அடுத்த அரை மணி 11, அடுத்த அரை மணி 22, பிறகு முடியும்வரை 44, அதற்கு மேல் கூட்ட வேண்டாம். மொத்தம் 11 மணி நேரம் பிடிக்கும், 10–12 என்று சொல்லும் கணக்குக்குள் வந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வெப்பம். வேகம் கூட்டும் ஒவ்வொரு தடவையும் மறுபடி. நடுக்கம், முகம் சிவத்தல், வாந்தி வந்தால் நிறுத்தி, தணிந்ததும் பாதி வேகத்தில் தொடரலாம். 440 மி.லி. என்பது 11 கிலோ குழந்தைக்குச் சின்ன அளவு இல்லை. இதயம் சோர்ந்திருந்தால் 10 சதவீதக் கரைசலும் இன்னும் மெதுவான வேகமும் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றுவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை: ரத்த வகை, ஹீமோகுளோபின், கூம்ப்ஸ் (சிவப்பணு மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்), அனுப்ப நினைக்கும் ஆன்டிபாடி டெஸ்ட் எல்லாம். ஐவிஐஜி போன பிறகு எடுத்தால், கொடை கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களின் ஆன்டிபாடிதான் அதில் தெரியும்.

கடைசிச் சொட்டு இறங்கிய நேரத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மருந்து கேட்டதா என்று பார்க்கும் 36 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாராசிட்டமால் கொடுத்த நேரமும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

---

நாளஅழற்சி எழுதியது:

ஸ்டீராய்டு பற்றி. எக்கோவில் ஏற்கெனவே இசட் 2.5-ஐத் தாண்டிய குழந்தை அதிக ஆபத்துப் பிரிவு, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளும் அப்படியே. அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2021 வழிகாட்டுதல் இப்படிப்பட்டவர்களுக்கு முதல் ஐவிஐஜியோடு ஸ்டீராய்டு சேர்க்கலாம் என்கிறது. ப்ரெட்னிசலோன் 2 மி.கி./கிலோ, உங்களுக்கு நாளைக்கு 22 மி.கி. காய்ச்சல் விட்டு சிஆர்பி 5-க்குக் கீழே வந்த பிறகு 15 நாளில் இறக்குவது: 5 நாள் முழு அளவு, 5 நாள் பாதி, 5 நாள் கால். சிஆர்பி இறங்காமல் நாளை மட்டும் எண்ணிக் குறைத்தால் காய்ச்சல் திரும்பும்.

ஒரு நேர்மையான குறிப்பு. இந்த அட்டவணையைக் கொடுத்த 2012 ஜப்பான் ஆய்வில் 8-ஆம் நாளுக்குள் வந்தவர்கள்தான் சேர்க்கப்பட்டார்கள். 17-ஆம் நாளில் நாம் செய்வது அதிலிருந்து நீட்டிப் பார்ப்பது. சிஆர்பி 62-ம் இசட் 4.1-ம் சேர்ந்து நிற்கும்போது நான் கொடுப்பேன்; காசநோய் இல்லை என்று பார்த்துவிட்டு.

அதோடு, மூன்றாவது வாரத்தில் பிளேட்லெட் ஏறித்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு ஏறியிருக்கிறது, நல்லது. இதே இடத்தில் பிளேட்லெட் குறைந்து, காய்ச்சல் விடாமல், ஈஎஸ்ஆர் திடீரென்று இறங்கினால் "சரியாகிறது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபெரிட்டின் அனுப்புங்கள், மாக்ரோஃபேஜ் கிளர்ச்சி நோய்க்குறியாக (நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறும் ஆபத்தான நிலை) இருக்கலாம். மூட்டு வீக்கம் தலைகாட்டினால் சிறார் முழுஉடல் மூட்டழற்சியும் பட்டியலில் இருக்கட்டும்.

---

குழந்தைநலம்_முதுநிலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து நிலவரம் இது.

ஐவிஐஜி காலை 6 மணிக்கு முடிந்தது. ப்ரெட்னிசலோனும் ஆரம்பித்தோம். அன்று இரவு 10 மணிக்கு 101 காய்ச்சல், அதற்குப் பிறகு இல்லை. சிஆர்பி 62-லிருந்து 14. ஆனால் ஈஎஸ்ஆர் 88-லிருந்து 122 ஆகிவிட்டது. ஹீமோகுளோபின் 8.9-லிருந்து 6.9. நேற்றிலிருந்து சிறுநீர் டீ நிறத்தில் போகிறது. ரத்த வகை ஏ பாசிட்டிவ். எக்கோவில் இடது 4.4, வலது 2.6.

ஈஎஸ்ஆரும் இசட்டும் ஏறியிருப்பதால் மருந்து கேட்கவில்லை, இரண்டாவது ஐவிஐஜி போடலாம் என்று பேச்சு நடக்கிறது.

---

நாளஅழற்சி எழுதியது:

டாக்டர், இரண்டாவது ஐவிஐஜியை நிறுத்தி வையுங்கள். இந்தக் குழந்தைக்கு அதுதான் இப்போது தீங்கு செய்யும்.

ஈஎஸ்ஆர் ஏறியது அழற்சியால் இல்லை. 22 கிராம் இம்யூனோகுளோபுலினை ரத்தத்தில் கொட்டியிருக்கிறீர்கள். அந்தப் புரதமே சிவப்பணுக்களை அடுக்கி வேகமாகக் கீழே இறக்கும். ரத்தசோகையும் அதே வேலையைச் செய்யும். ஐவிஐஜிக்குப் பிறகு சில வாரங்களுக்கு ஈஎஸ்ஆரைப் பார்க்கவே கூடாது. சிஆர்பி மட்டும். அது 62-லிருந்து 14 என்றால் மருந்து கேட்டிருக்கிறது.

காய்ச்சல் வந்தது மருந்து முடிந்து 16 மணி நேரத்தில். முடிந்து குறைந்தது 36 மணி நேரத்துக்குப் பிறகும் நீடிக்கும் அல்லது திரும்பும் காய்ச்சலைத்தான் ஐவிஐஜிக்கு மசியாதது என்று சொல்கிறோம். 10–20 சதவீதம் குழந்தைகளுக்கு அப்படி ஆகும். இது அதில் சேராது.

டீ நிறம்தான் அவசரம். ஏ, பி, ஏபி வகை ரத்தம் உள்ள குழந்தைகளுக்கு ஐவிஐஜியில் இருக்கும் எதிர்-ஏ, எதிர்-பி ஆன்டிபாடிகள் சிவப்பணுக்களை உடைக்கும். ஓ வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. சிவப்பணு உடைகிறதா என்று காட்டும் நேரடி கூம்ப்ஸ், ரெட்டிகுலோசைட், எல்டிஎச், பிலிருபின் உடனே அனுப்புங்கள். முன்பே எடுத்து வைத்த கூம்ப்ஸ் நெகட்டிவாக இருந்து இப்போது பாசிட்டிவ் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். ஹீமோகுளோபினை 12 மணிக்கு ஒருமுறை பாருங்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் ஏ வகை கொடுத்தால் அதுவும் உடையும், ஓ வகைச் சிவப்பணு கேளுங்கள். ரத்த வங்கிக்கு "ஐவிஐஜி போன குழந்தை" என்று சீட்டிலேயே எழுதிவிட்டால் வீண் போன் பேச்சு மிச்சம்.

காய்ச்சல் உண்மையாகவே திரும்பினால் இவருக்கு இன்னொரு ஐவிஐஜி இல்லை, இன்ஃப்ளிக்ஸிமாப் (அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்து). ஒரே தடவை, 10 மி.கி./கிலோ, காசநோய்ப் பரிசோதனை கையில் இருக்க வேண்டும்.

---

சிறார்_இதயம் எழுதியது:

எக்கோ பற்றி ஒரு வரி. 11 கிலோ குழந்தைக்கு அந்தக் குழாயில் ஒரு இசட் அலகு என்பது சுமார் கால் மில்லிமீட்டர். 4.1-லிருந்து 4.4 என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அளக்கும் கை நடுங்கினாலே வரும் வித்தியாசம். வலது இறங்கியிருக்கிறது, அதையும் எண்ணுங்கள். மூன்று நாளில் திரும்ப எடுங்கள், முடிந்தால் அதே ஆள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது: இந்த வயதுக் குழந்தை நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லாது. காரணம் இல்லாமல் விடாத அழுகை, முகம் வெளுத்து வியர்த்தல், வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொள்வது. இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் வந்து ஈசிஜி எடுக்க வேண்டும். நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதம்தான் ரத்தம் உறைய வசதியான காலம்.

சிறிய, நடுத்தர வீக்கங்களில் பாதிக்கு மேல் ஓரிரு வருடத்தில் பழைய அகலத்துக்கு வந்துவிடும். அகலம் திரும்பினாலும் சுவர் தடித்து விறைத்தே இருக்கும், அதனால் ஃபைலை மூட முடியாது. ஆஸ்பிரின் 6 வாரத்தோடு நிற்காது, எக்கோ சரியாகும்வரை போகும்.

---

ஒரு_அப்பா எழுதியது:

டாக்டர், ஒரு சந்தேகம் கேட்கலாமா? 4 வயதுக் குழந்தைக்கு 12-ஆம் நாளே காய்ச்சல் தானாக விட்டுவிட்டது. 20-ஆம் நாள் விரல் உரிந்ததைப் பார்த்துத்தான் கவாசாகியாக இருந்திருக்கலாம் என்றார்கள். சிஆர்பி 4, எக்கோ இரண்டு பக்கமும் நார்மல். இந்த ஊசியை இப்போதாவது போட வேண்டுமா?

---

சிறார்_இதயம் எழுதியது:

வேண்டாம் சார். மேலே இருக்கும் குழந்தைக்கும் உங்கள் குழந்தைக்கும் தாமதம் ஏறக்குறைய ஒன்றுதான், பதில் நேர் எதிர். காய்ச்சல் இல்லை, சிஆர்பி இறங்கிவிட்டது, குழாய் விரியவில்லை. ஐவிஐஜி அணைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. மேலே பார்த்த ரத்த உடைப்பு மாதிரி ஆபத்தை மட்டும் வாங்கிக்கொள்வீர்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின், காய்ச்சல் தொடங்கி 6 வாரம் ஆகும்போது இன்னொரு எக்கோ. அதுவும் நார்மல் என்றால் மருத்துவர் ஆஸ்பிரினை நிறுத்துவார்.

ஓரிரு மாதத்தில் நகங்களில் குறுக்கே ஒரு பள்ளம் தெரிந்து, நகம் வளர வளர முன்னால் நகரலாம். பயப்பட ஒன்றும் இல்லை. போட்டோ எடுத்து வையுங்கள், அப்போது நடந்தது என்ன என்று யோசிக்கும் மருத்துவருக்கு அது ஒரு தடயம்.

---

வார்டு_செவிலியர் எழுதியது:

தடுப்பூசி அட்டை இரண்டு குழந்தைக்கும் வேறு வேறு.

ஐவிஐஜி போட்ட குழந்தைக்கு எம்எம்ஆர், சின்னம்மைத் தடுப்பூசி இரண்டும் ஊசி ஏறிய தேதியிலிருந்து 11 மாதம் தள்ளி. வெளியிலிருந்து வந்த ஆன்டிபாடிகள் தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அட்டையில் "பிறகு" என்று எழுதினால் யாரும் தேட மாட்டார்கள், தேதியாகவே எழுதுங்கள். சுற்றுவட்டாரத்தில் தட்டம்மை பரவினால் முன்னாடியே போடலாம், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் 11 மாதத்துக்குப் பிறகு மறுபடி போட வேண்டும். உயிரற்ற தடுப்பூசிகளுக்குத் தாமதம் எதுவும் தேவையில்லை.

ஐவிஐஜி போடாத குழந்தைக்கு அந்த 11 மாதக் கணக்கு கிடையாது. அவருக்கு ஆஸ்பிரின்தான் கணக்கு: சின்னம்மைத் தடுப்பூசி போட்டு 6 வாரம் ஆஸ்பிரின் இருக்கக் கூடாது, அதனால் மாத்திரை முடிந்த பிறகு போடுங்கள். ஆஸ்பிரின் ஓடும் நாட்களில் வீட்டில் யாருக்காவது ஃப்ளூவோ சின்னம்மையோ வந்தால் ரேய் நோய்க்குறி (கல்லீரலையும் மூளையையும் தாக்குவது) பயம் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று அவர் சொல்வார். நீண்ட நாள் ஆஸ்பிரின் போகும் குழந்தைக்கு வருடா வருடம் ஃப்ளூ ஊசி, மூக்கில் விடும் மருந்து இல்லை, கையில் போடும் ஊசிதான். வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம்.